வற்றிய போர்வெல்லில் எதை விட்டீர்கள்?

போன மாதம் பழைய அலுவலகப் பக்கம் ஒரு டீ குடிக்க வந்திருந்தேன். ஓய்வு பெற்றவர்களுக்கு வேறு என்ன வேலை? அங்கே உங்களில் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். பெயரைச் சொல்லி மானத்தை வாங்க மாட்டேன். "மேடம், எண்ணூறு அடி ஆழத்துல இருந்து வர்ற தண்ணி. நடுவுல முழுக்கப் பாறை. அதுக்குப் போய் எதுக்கு மேடம் கிருமி டெஸ்ட்?" நான் அன்றைக்குச் சொன்ன பதில் அச்சில் ஏற்றத் தகுந்ததல்ல. வீட்டுக்குப் போன பிறகும் ஆத்திரம் அடங்கவில்லை. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். நிலத்தடி நீர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் ஒரு முறையாவது இதைப் படித்துத் தொலையுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் கடப்பைப் பக்கம் சுண்ணாம்புக்கல் பூமியில் சில காலம் இருந்தேன். அந்த ஊர்களில் மழைத் தண்ணீர் ஒரு பொந்தில் இறங்கும், எங்கோ ஒரு கிணற்றில் எழும். நடுவில் மண் வடிகட்டும், கிருமி செத்துவிடும் என்ற பேச்செல்லாம் அங்கே எடுபடாது. மாட்டுக்கொட்டகையைக் கழுவிவிட்ட தண்ணீர் மறுநாள் ஊர்க்கிணற்றில் வைக்கோலோடு மிதந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். "அது சுண்ணாம்புக்கல் மேடம், நம்ம பெங்களூர் கருங்கல்" என்பீர்கள். கருங்கல்தான். ஆனால் வெடிப்பு விட்ட கருங்கல். போதாக்குறைக்கு வீட்டுக்கு ஒரு ஓட்டை போட்டு இந்த ஊரே சேர்ந்து அதைச் சல்லடையாக்கி வைத்திருக்கிறது. அங்கே இயற்கை செய்த பொந்தை இங்கே நாம் ரிக் வண்டி வைத்துப் போட்டிருக்கிறோம். வேறு வித்தியாசம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய கோடையில் நித்யா என்ற பெண் எனக்கு ஃபோன் செய்தாள். வாணியம்பாடிக்காரி, ஐ.டி. வேலை, வைட்ஃபீல்டில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு. அவளோடு வேலை பார்க்கும் ஒருவர் மர்பி டவுனில் எங்கள் தெருவில் இருக்கிறார். அவர்தான் என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்.

"மேடம், எங்க அபார்ட்மென்ட்ல நாலஞ்சு வீட்ல மஞ்சக்காமாலை. அசோசியேஷன்ல கேட்டா தண்ணில ஒன்னும் இல்லைங்கறாங்க. வீட்டு வேலைக்கு வர்றவங்கதான் கொண்டுவந்துட்டாங்களாம். காம்பவுண்டுக்குப் பின்னாடி இருக்கற ஊர்ல இருந்து யாரும் உள்ள வரக்கூடாதுன்னு ரூல் போட்டுட்டாங்க. எங்க வீட்ல வேலை செய்யற செல்விக்காவையும் கேட்லயே நிறுத்திட்டாங்க."

"உங்க வீட்ல யாருக்காவது இருக்கா?"

"இல்ல மேடம். செல்விக்கா மருமகனுக்கு இருக்கு. அவரு தேறிட்டு வர்றாரு. ஆனா அவங்க பொண்ணு ரேவதிக்கு இது ஏழாவது மாசம். ஒரே வீடு, ஒரே தண்ணி. அதான் மேடம் பயமா இருக்கு."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. கழிவு கலந்த தண்ணீரில் பரவும் காமாலையில் ஒரு வகை உண்டு. மற்றவர்களைச் சில வாரம் படுக்கையில் போட்டுப் பிறகு எழுப்பி விட்டுவிடும். பிள்ளைத்தாய்ச்சிகளிடம் மட்டும் அது அப்படி நடந்துகொள்வதில்லை. தாய், பிள்ளை இரண்டு உயிருக்கும் ஆபத்து. அழுக்கு எந்தத் தண்ணீரில், எங்கிருந்து கலக்கிறது என்பதை உடனே கண்டுபிடித்தாக வேண்டும். நம் நிறுவனத்துக்கோ யாருடைய குழாயையும் மூடும் அதிகாரம் கிடையாது. நமக்கு இருப்பதெல்லாம் வாய் மட்டும்தான். அதை நம்பித்தான் கிளம்பினேன்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் பெயர் மூர்த்தி. தாத்தா காலத்திலேயே பெங்களூரில் குடியேறிய தமிழ்க் குடும்பம். பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைக் கெட்ட மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். கெட்டவர்களோடு வேலை செய்வது சுலபம், கொஞ்சம் பயம் காட்டினால் வழிக்கு வந்துவிடுவார்கள். மூர்த்தி நல்லவர். தண்ணீர் என்றால் உயிரை விடுவார். கார் கழுவுகிறவர்கள் பைப்பைத் திறந்து வைத்தால் மாடியில் இருந்து ஓடிவந்து மூடுகிறவர். "நம்ம கேட்டைத் தாண்டி ஒரு சொட்டு தண்ணி வெளிய போகாது மேடம். கொத்தா?" என்று என்னைப் பார்த்ததும் முதல் வார்த்தையாகச் சொன்னார். கொத்தா என்றால் கன்னடத்தில் தெரியுமா என்று அர்த்தம். அவர் தண்ணீர் கேட்டைத் தாண்டுகிறதா இல்லையா என்று எனக்கு அப்போது தெரியாது, பிறகு நன்றாகத் தெரிந்துகொண்டேன்.

ஆய்வகத்தின் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினார். கிருமி இல்லை என்று இருந்தது. நான் முகத்தைச் சுளித்ததைப் பார்த்துவிட்டுக் குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து, என்னைப் பார்த்துக்கொண்டே மடமடவென்று குடித்தார். இந்த டம்ளர் நாடகத்தை உங்கள் பணிக்காலத்தில் பல பேர் ஆடிக் காட்டுவார்கள். ஏமாந்துவிடாதீர்கள். குடித்துக் காட்டுவதால் குடிக்கிறவருடைய தாகம் தீரும், வேறெதுவும் நிரூபணம் ஆகாது.

நான் அந்தக் காலி டம்ளரை வாங்கி முகர்ந்தேன். பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கைத் துளைத்தது. மூர்த்தி ஃபோனில் பேசப் போன நேரத்தில் பராமரிப்பு சூப்பர்வைசரைப் பிடித்தேன்.

"சம்ப்ல எப்ப பவுடர் போட்டீங்க?"

"நேத்துதான் மேடம். நீங்க வர்றீங்கன்னு சார் சொன்னாரு. லேப்காரங்க வந்தாலும் அப்படித்தான், மொத நாளே தொட்டியைக் கழுவிப் பவுடர் போட்டுருவோம். மனுஷங்க வர்றாங்கன்னா வீட்டைப் பெருக்கி வைக்க மாட்டோமா?"

"மத்த நாள்ல?"

"மத்த நாள்ல யாரு மேடம் வர்றாங்க?"

அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. விருந்தாளி வந்தால் வீட்டைச் சுத்தம் செய்யும் நல்ல வளர்ப்பு. ஆனால் ஒரு குடியிருப்பே அந்த நல்ல வளர்ப்பினால் பல மாதமாகத் தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டிருந்தது. தண்ணீர் எடுக்கப் போகும்போது தயவுசெய்து முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு போகாதீர்கள். நீங்கள் ஒன்றும் பெண் பார்க்கப் போகவில்லை.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். வளாகத்துக்குள் இரண்டு போர்வெல். கோடையில் அது போதாததால் டேங்கர். டேங்கர் எங்கே நிரப்புகிறார்கள் என்றால், பின்பக்கச் சுவரை ஒட்டிய ஊரில் ஒருவருடைய போர்வெல்லில். மூன்றும் ஒரே சம்ப்பில் கலக்கின்றன. சரி, கழிவுநீர் எங்கே போகிறது? அங்கே நகரத்துச் சாக்கடைக் குழாய் இன்னும் வரவில்லை. வளாகத்துக்குள்ளேயே சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. அதில் சுத்தம் செய்த தண்ணீர் தோட்டத்துக்கும் கழிவறைக்கும் போகிறது.

"மிச்சம்?" என்றேன்.

மூர்த்தியின் முகம் மலர்ந்தது. "வாங்க மேடம், காட்டறேன்."

பின்பக்கச் சுவர் ஓரமாக அழைத்துப் போனார். பழைய போர்வெல் ஒன்று வற்றிப்போன பிறகு அதை மூடாமல், மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் குழியாக மாற்றியிருந்தார். சுற்றிலும் கல் பதித்து, பூந்தொட்டி வைத்திருந்தார். ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமப் பொட்டு அழியாமல் இருந்தது. மழை பெய்யாத நாளில் அந்தக் குழாயில் ஏன் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது என்று கேட்டேன்.

"அதான் மேடம் மிச்சத் தண்ணி. ட்ரீட் பண்ண தண்ணிதான். வெளிய விட்டா வேஸ்ட், பூமிக்குள்ள விட்டா புண்ணியம்."

நான் சுத்திகரிப்பு நிலையத்தின் மூடியைத் திறக்கச் சொன்னேன். காற்றுச் செலுத்தும் இயந்திரம் ரிப்பேராகிக் கிடந்தது. தொட்டியில் இருந்தது கறுப்பு நுரை. வீடுகளின் கழிவறைகளில் இருந்து வந்தது ஏறக்குறைய வந்தபடியே பாறை வெடிப்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மலக்குழி வெட்டினாலாவது பத்தடி மண்ணைத் தாண்டித்தான் கீழே போகும். இங்கே மண்ணே குறுக்கே வராமல், நேராகப் பூமியின் தொண்டைக்குள் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அதற்குக் குங்குமம் வேறு.

"சார், இதை இன்னிக்கே நிறுத்துங்க" என்றேன்.

"ரிப்போர்ட் குடுங்க மேடம், கமிட்டில வெக்கறேன்."

"ரிப்போர்ட் அப்புறம் வரட்டும். முதல்ல மூடுங்க."

"எப்படி மேடம் மூடறது? மூடினா அந்தத் தண்ணி எங்க போகும்? ரெண்டு நாள்ல பேஸ்மென்ட்ல கார் மிதக்கும். ஜனங்க என்னை சும்மா விடுவாங்களா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கழிவை லாரி வைத்து எடுக்கலாம், செலவாகும், ஏற்பாடு செய்யலாம் என்று மன்றாடிப் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். அன்று மாலை அவர் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாக்கெடுப்பு வைத்தார். கேள்வி என்ன தெரியுமா? "நம் தண்ணீர் நன்றாக இருக்கிறதா, இல்லையா?" நித்யா அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினாள். பெரும்பான்மையினர் நன்றாக இருக்கிறது என்று வாக்களித்திருந்தார்கள். கிருமிகளுக்கு ஓட்டுரிமை இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கலாம். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

மறுநாள் சுவருக்கு அந்தப் பக்கம் போனேன். நெருக்கமான சின்ன வீடுகள். குடியிருப்பின் காவலாளிகளும் வீட்டு வேலை செய்யும் பெண்களும் அங்கேதான் வாடகைக்கு இருக்கிறார்கள். டேங்கர் நிரப்பும் போர்வெல்லில் இருந்து அதன் உரிமையாளர் தெருவுக்கு இலவசமாக ஒரு குழாய் விட்டிருந்தார். தெரு முழுக்க அந்தத் தண்ணீர்தான். குடியிருப்பில் காமாலை வருவதற்கு முன்பே இங்கே பல வீடுகளில் வந்திருக்கிறது. கீழாநெல்லியை அரைத்துக் குடித்துவிட்டுப் படுத்துக் கிடந்திருக்கிறார்கள். இவர்களுக்கு வாட்ஸ்அப் குழு இல்லை, அதனால் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

செல்வி வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். வேலை போய் இரண்டு வாரம். என்னைவிட இருபது வயதாவது சின்னவளாக இருப்பாள், முகத்தில் என்னைவிடச் சோர்வு. பின்னால் ரேவதி வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றாள். சின்னப் பெண், சிரித்த முகம். கண்ணில் மஞ்சள் இல்லை என்பதை முதலில் பார்த்துக்கொண்டேன்.

"தண்ணியைக் கொதிக்க வைக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

"க்ளினிக்ல சொன்னதுல இருந்து கொதிக்க வச்சுதான் மேடம் குடுக்கறேன். கேஸ் விக்கற வெலைக்கு எங்களுக்கெல்லாம் முடியல. அவளுக்கு மட்டும் தனியா வச்சிருக்கேன்" என்றாள் செல்வி. மூடி போட்ட எவர்சில்வர் குடத்தைக் காட்டினாள்.

எனக்குச் சற்று நிம்மதியாக இருந்தது. ஆனால் வெறும் சந்தேகத்தைச் சொல்லி அந்தக் குழாயை மூட வைக்க முடியாது. மூடினால் தெருவுக்கு வேறு தண்ணீர் இல்லை. மூர்த்தியின் குழியையும் மூட முடியவில்லை. யாரும் மறுக்க முடியாத சாட்சி வேண்டியிருந்தது. கடப்பையில் நாங்கள் செய்ததையே செய்வதென்று முடிவு செய்தேன். தண்ணீரின் வழியைக் கண்டுபிடிக்க ஒரு சாயம் உண்டு. துளி கலந்தாலும் பளீரென்று பச்சை காட்டும், உடம்புக்குக் கெடுதல் செய்யாது. செல்வியிடமும் டேங்கர்க்காரரிடமும் தெருவில் நாலைந்து வீட்டிலும் சொல்லி வைத்தேன். தண்ணீரில் பச்சை தெரிந்தால் பயப்பட வேண்டாம், குடிக்க வேண்டாம், உடனே எனக்குச் சொல்ல வேண்டும்.

குழிக்குள் சாயத்தை நான் ஊற்றவில்லை. மூர்த்தியை ஊற்றச் சொன்னேன். இதை நினைவில் வையுங்கள். நம்பாதவர் கையாலேயே செய்ய வைத்தால் பிறகு "நீங்கள் எதையோ கலந்துவிட்டீர்கள்" என்ற பேச்சு வராது. அவரும் ஆர்வமாக, "நானே ஊத்தறேன் மேடம். என் போர்வெல்லைப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார்.

வளாகத்தின் இரண்டு போர்வெல்களையும் ஓடவிட்டு, தண்ணீரை சம்ப்புக்குப் போகாமல் தரையில் விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தோம். மதியம் ஆனது, மாலை ஆனது, தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்தது. மூர்த்திக்குத் தலைகால் புரியவில்லை. ஓடும் தண்ணீரைப் படம் எடுத்துக் குழுவில் போட்டார். வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள் விழுந்தன. ஒருவர், "அனாவசியமாகப் பீதி கிளப்பியவர்கள் மன்னிப்புக் கேட்பார்களா?" என்று எழுதினார். நித்யா அதற்குப் பதில் சொல்லாமல் எனக்கு ஃபோன் செய்து மூக்கை உறிஞ்சினாள். பாறைக்கு நம் அவசரம் தெரியாது, பொறு என்றேன். எனக்கும் உள்ளுக்குள் ஆட்டம் கண்டுபோயிருந்தது.

மறுநாள் காலையில் காபி ஆற்றிக்கொண்டிருக்கும்போது நித்யாவின் ஃபோன் வந்தது. "மேடம், செல்விக்கா கேட்ல நிக்கறாங்க. கைல பக்கெட். தண்ணி பச்சைப்பசேல்னு இருக்கு மேடம். செக்யூரிட்டி உள்ள விட மாட்டேங்கறாரு, பின்னாடி ஊர்க்காரங்களுக்கு அனுமதி இல்லையாம்."

அந்த நேரத்தில் கத்தி என்ன பயன்? எது முதலில் என்று மட்டும் யோசித்தேன். அதே போர்வெல்லில் டேங்கர் நிரம்பிக்கொண்டிருக்கும். "நித்யா, செக்யூரிட்டிகிட்ட சண்டை போடாதே. டேங்கர் வந்தா உள்ள விடக்கூடாது, மூர்த்தி சாரை உடனே கீழே வரச் சொல்லு. செல்வியைத் தெருவுக்குப் போய்க் குழாயை மூடச் சொல்லு. நான் வர்றேன்." ரோட்டில் போயிருந்தால் மதியத்துக்குத்தான் போய்ச் சேர்ந்திருப்பேன். நல்லவேளை, மெட்ரோ இருந்தது.

நான் போனபோது டேங்கர் கேட்டுக்கு வெளியே நின்றது. வால்வில் இருந்து பச்சைத் தண்ணீர் தார் ரோட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. டேங்கர்க்காரர் அதைக் காட்டி, "ஏனு மேடம் இது, ஏனு இது?" என்று கன்னடத்தில் 'என்ன இது' என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டார். மூர்த்தி காவலாளியின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் சட்டைக் கைவிளிம்பில் முந்தின நாள் சாயம் பட்ட பச்சைக் கறை.

"நம்ம போர்ல வரலையே மேடம்" என்றார்.

"இல்ல சார். உங்க போர்ல வரலை. உங்க குழியில இருந்து சுவருக்கு அடியில போய் அவங்க போர்ல ஏறியிருக்கு. அதை டேங்கர்ல ஏத்தி, நீங்களே காசு குடுத்து உங்க சம்ப்ல ஊத்தியிருக்கீங்க."

அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். என்ன திட்டு திட்டலாம் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்த பிறகு ஒன்றும் வரவில்லை. குழிக்குப் போகும் குழாயை அடைக்கச் சொன்னேன். கழிவு லாரிக்கு அவரே ஃபோன் செய்தார். பல நாளாக நடக்கவே முடியாது என்று இருந்த காரியம், கண்ணுக்குப் பச்சை தெரிந்ததும் உடனே நடந்தது. எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது.

பிறகு செல்வி வீட்டுக்குப் போனேன். நித்யாவும் கூட வந்தாள். செல்வி முதலில் எவர்சில்வர் குடத்தின் மூடியைத் திறந்து காட்டினாள். "இதுல பச்சை இல்ல மேடம், பாருங்க. நேத்து மத்தியானமே கொதிக்க வச்சது." உண்மைதான். தெளிந்த தண்ணீர். ரேவதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் திரும்பும்போது அடுப்பு மேடையில் ஒரு சட்டி கண்ணில் பட்டது. பழைய சோறு. முந்தின இரவு மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றி வைத்தது. வாசலில் இருந்து வந்த வெளிச்சத்தில் சோற்றுக்கு மேலே நின்ற நீர் பளீரென்று பச்சையாக இருந்தது. சட்டியில் பாதி காலி.

"யார் சாப்பிட்டது?" என்றேன்.

"நான்தான் மேடம்" என்றாள் ரேவதி. "ராத்திரியில இருந்தே கரன்ட் இல்ல, விடியறதுக்கு முன்னாடியே பசிச்சுது. இருட்டுல கலர் தெரியல."

"தினமுமா சாப்பிடறே?"

"உடம்பு சூடுன்னு அம்மா தெனமும் குடுக்கும். உப்பு போட்டு, மோர் ஊத்தி."

செல்வி சட்டியையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "குடிக்கற தண்ணியத்தான மேடம் கொதிக்க வைக்கச் சொன்னாங்க? அதை ஒரு நாள் கூட விடலையே நான்."

அவள் சொன்னது சரி. க்ளினிக்கில் அவளிடம் சொன்னதை அவள் அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறாள். கேஸைத் தனக்கு மிச்சம் பிடித்து மகளுக்குச் செலவழித்திருக்கிறாள். நம் தொழிலில் எல்லோரும் "தண்ணியைக் கொதிக்க வைக்கிறீங்களா?" என்று ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டு, ஆமாம் என்ற பதிலை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம். பழைய சோறு, மோர், சட்னி, வாய் கொப்பளிப்பது எதையும் கேட்பதில்லை. காலையில் எழுந்ததில் இருந்து படுக்கும் வரை வாய்க்குள் என்னென்ன போகிறது என்று கேளுங்கள். அடுப்படி வரைக்கும் போய்ப் பாருங்கள். 

ரேவதியை உடனே பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும் என்றேன். மூர்த்தி தெரு முனை வரை காரைக் கொண்டுவந்துவிட்டார். யாரும் அவரைக் கேட்கவில்லை.  செல்வி வழி முழுக்க மகளின் கண் இமையை விரலால் இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

இரத்தத்தில் நோய் ஏற்கனவே இருந்தது. இந்த நோய் உடம்புக்குள் நுழைந்து வெளியே தெரிவதற்குப் பல வாரம் ஆகும், எனவே நீங்கள் எல்லோரும் அங்கே போய்ச் சண்டை போடத் தொடங்குவதற்கு முன்பே நுழைந்திருக்கும் என்றார் டாக்டரம்மா. எங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னார் போலும். எனக்கு ஆறுதலாக இல்லை. அப்படியென்றால் அந்த வாக்கெடுப்பு, அந்த ரிப்போர்ட், என் சாயம் எல்லாமே ரேவதியைப் பொறுத்தவரை நடந்து முடிந்த பிறகு நடந்தவை. அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய நாள், அந்த வற்றிய போர்வெல்லுக்குள் ஒரு குழாயைத் திருப்பிவிட்டார்களே, அந்த நாள். அன்றைக்கு அங்கே நம்மவர் ஒருவர் இருந்து "இதற்குள் எதை விடப்போகிறீர்கள்?" என்று கேட்டிருக்க வேண்டும். யாரும் இல்லை. எண்ணூறு அடிப் பாறையாயிற்றே, எதற்கு?

ரேவதி பிழைத்தாள். பல நாள் தீவிர சிகிச்சையில் இருந்து, குச்சி மாதிரி இளைத்து வீடு திரும்பினாள். குழந்தை பிழைக்கவில்லை. பெண் குழந்தை. அதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை, நீங்களும் கேட்காதீர்கள்.

தெருவுக்கு வேறு இடத்தில் இருந்து தண்ணீர் வர ஏற்பாடானது. மூர்த்தி செயலாளர் பதவியை விட்டு விலகினார். புதிதாக வந்த கமிட்டி சுத்திகரிப்பு நிலையத்தைச் சரி செய்தது, வற்றிய போர்வெல்லைக் கான்கிரீட் போட்டு மூடியது. நல்ல காரியம். ஆனால் வீட்டு வேலைக்காரர்களுக்குப் போட்ட தடையை எடுக்க ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. அதைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். பின்பக்க ஊர்க்காரர்கள் தங்களுக்குக் காமாலை இல்லை என்று டாக்டர் சான்றிதழ் கொண்டுவந்தால் உள்ளே வரலாம். படித்தவர்கள், பெரிய வேலையில் இருப்பவர்கள் கூடி உட்கார்ந்து எடுத்த தீர்மானம் இது. கேள்விப்பட்டு நான் ஒவ்வொருவராக ஃபோன் செய்து கத்தினேன். அடுத்த கூட்டத்தில் வைக்கிறோம் மேடம் என்றார்கள்.

அடுத்த கூட்டம் வரை செல்வியால் காத்திருக்க முடியாது. மகளுக்கு மருந்து வாங்க வேண்டும், மருமகன் இன்னும் வேலைக்குப் போகவில்லை. ஒரு நாள் காலையில் கேட்டுக்கு வந்தாள். நித்யா அவளை அழைத்துப் போகக் கீழே வந்திருந்தாள். என்ன நடந்தது என்று அன்றே எனக்குச் சொன்னவள் அவள்தான்.

காவலாளி சான்றிதழ் கேட்டான். பாவம், அவனும் அதே தெருவில் குடியிருக்கிறவன், முகத்தைப் பார்க்காமல்தான் கேட்டான்.

"தரேன்பா" என்றிருக்கிறாள் செல்வி. "என் பொண்ணுக்கு அந்த நோவு எந்தப் பக்கத்துல இருந்து வந்துச்சுன்னு உள்ள கேட்டுட்டு வந்து சொல்லு. அப்புறம் தரேன்."

அது அலுவலகம் போகும் நேரம். கார்கள் வரிசையாக வெளியே வந்துகொண்டிருந்தன. செல்வி கேட்டுக்கு நடுவே நின்றுகொண்டாள். யாரோ ஹாரன் அடித்தார்கள். யாரோ கண்ணாடியை இறக்கி, என்ன பிரச்சினை, ஓரமாகப் போகச் சொல்லுங்கள் என்றார்கள். அவள் நகரவில்லை. குரலும் உயர்த்தவில்லை. சொன்னதையே இன்னொரு முறை சொன்னாள், அவ்வளவுதான்.

மூர்த்தி காலை நடையில் இருந்திருக்கிறார். கூட்டத்தைப் பார்த்து வந்தவர், செல்வியைக் கண்டதும் நின்றுவிட்டார். பதவியில் இல்லாதவர், பேசாமல் போயிருக்கலாம். காவலாளிக்கும் கார்க்காரர்களுக்கும் கேட்கும்படியாக அவளிடம் சொன்னார்.

"எங்க பக்கத்துல இருந்துதாம்மா வந்துச்சு. நான் விட்ட தண்ணிதான்."

 செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வழியை விட்டு விலகி, நித்யாவோடு உள்ளே போனாள். காவலாளி மறுபடி சான்றிதழ் கேட்கவில்லை.